பொருளும் முரணும்: பிரான்குசியின் 1926 நியூயார்க் காட்சியை முன்வைத்துக் கலைச்சொல் குறித்த ஒரு கருத்துரை

தற்காலச் சிற்பக்கலையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'அரூபச் சிற்பம்' என்னும் தொடரைத் தயக்கமின்றிக் கையாண்டு வருகின்றனர். மனித உடலையோ விலங்கையோ மரத்தையோ ஒப்பக் காட்டாத சிற்பம் எதுவாயினும் அது இத்தொடருக்குள் அடக்கப்படுகிறது. வடசொல்லை விரும்பாதோர் 'அருவச் சிற்பம்' என்பர். இரண்டும் உருவம் இல்லாதது என்னும் ஒரே கருத்தைத் தருவனவே. கண்முன் நின்று, இடத்தை அடைத்து, நிழல் வீழ்த்தி, பெயர்த்து வைக்க நால்வர் தோள் வேண்டுகின்ற ஒரு கல்லை உருவமற்றது என்று எழுதுகிறோம்; அது நம்மை உறுத்துவதும் இல்லை. கலைச்சொல் ஒரு குறியீடுதான், அதன் வேரைத் தோண்ட வேண்டுவதில்லை என்று விடை கூறலாம். குறியீடு பார்வையைத் தடுக்காதவரை அவ்விடை செல்லும். இச்சொல் தடுக்கிறது என்பதே என் கருத்து. தடுப்பது உருவத்தை மட்டுமன்று. சிற்பம் எதனால் ஆனது என்னும் முதல் வினாவையே அது எழாமற் செய்துவிடுகிறது.

இக்கருத்தைச் சோதிப்பதற்கு ஒரு தனிநபர் கண்காட்சியை எடுத்துக்கொள்கிறேன். 1926 நவம்பர் 17 முதல் டிசம்பர் 15 வரை நியூயார்க்கின் பிரம்மர் காட்சிக்கூடத்தில் கான்ஸ்டன்டின் பிரான்குசியின் சிற்பங்கள் வைக்கப்பட்டிருந்தன. பிரான்குசி (1876–1957) ருமேனியாவின் ஹோபிட்சா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1904இல் பாரிசுக்கு வந்து, 1907இல் ரோதெனின் பட்டறையில் சிறிது காலம் பணியாற்றி விலகியவர். களிமண்ணில் மாதிரி செய்து அதைப் பிறர் கையால் கல்லில் பெயர்க்கும் அக்கால வழக்கத்தை விட்டு, தாமே கல்லிலும் மரத்திலும் நேரடியாகச் செதுக்கியவர். வெண்கலத்தை வார்ப்பகத்தில் வார்த்தபின் அரத்தாலும் மெருகுக் கருவிகளாலும் பல நாள் தம் கையாலேயே தேய்த்து ஒளியேற்றியவர். பளிங்கு, சுண்ணாம்புக்கல், வெண்கலம், ஓக் மரம் என ஒன்றோடொன்று ஒவ்வாத பொருள்களை ஒரே படைப்பில் அடுக்கி நிறுத்துவது அவர் இயல்பு.

இக்காட்சிக்குரிய சிற்பங்கள் ஏறத்தாழ இருபது. அவற்றை ஓவியர் மார்செல் டுஷாம்ப் தம் பொறுப்பில் 'பாரிஸ்' என்னும் கப்பலில் அக்டோபர் மாதம் நியூயார்க்குக்குக் கொணர்ந்தார். 1922ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி மூலச் சிற்பங்களுக்கு வரி இல்லை. ஆயினும் பெட்டிகளைத் திறந்த அலுவலர்களுக்கு அவை சிற்பங்களாகத் தோன்றவில்லை. சமையலறைக் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் என்னும் இனத்தின்கீழ் அவற்றைச் சேர்த்து, பிணையின்பேரில் காட்சிக்கு விடுத்தனர். விற்பனையாகுமாயின் உலோகப் பண்டத்துக்குரிய 40 விழுக்காட்டு வரியைச் செலுத்த வேண்டும் என்றனர். ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் வாங்கிய வெண்கலப் பறவை ஒன்று வழக்குப் பொருளாயிற்று. 'பிரான்குசி எதிர் ஐக்கிய அமெரிக்க நாடுகள்' என்னும் அவ்வழக்கில் 1928 நவம்பர் 26இல் சுங்க நீதிமன்றம் சிற்பிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அப்பறவை இன்று சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

வழக்கின் வரலாறு உலகறிந்தது. கலை வரலாற்று நூல்கள் அதனை ஒரு வேடிக்கைக் கதையாகவே பெரும்பாலும் கூறிச் செல்லும். சொல்லாராய்ச்சியாளராகிய நமக்கு அதில் கிடைப்பது வேறு.

முதற்கண், காட்சியில் நின்றவை எத்தகையன என்பதைப் பார்ப்போம். 'வெளியில் பறவை' என்று நான் பெயர்க்கும் அச்சிற்ப வரிசையை பிரான்குசி 1923இல் தொடங்கினார். பளிங்கில் ஏழும் வெண்கலத்தில் ஒன்பதுமாகப் பதினாறு பறவைகள் இவ்வரிசையில் எண்ணப்படுகின்றன. ('வெளியில்' என்பது வீட்டுக்கு வெளியே என்றும் பொருள்படும். 'விண்வெளிப் பறவை' என்று சிலர் எழுதுவது அதனினும் தவறு. ஏவுகணைக் காலத்துக்கு முந்தைய பறவை இது.) இறகில்லை, அலகில்லை, காலில்லை. அடியில் குறுகி, நடுவே மெல்லப் பருத்து, உச்சியில் சாய்வாக வெட்டுண்ட ஒரே நெடுவளைவு. வெண்கலமாயின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகிடப்பட்டிருக்கும். எதிரே நிற்பவர் சற்று நகர்ந்தாலும் அவர் நிழலுரு அதன்மேல் நீண்டு மெலிந்து ஓடும். கீழே ஒரு கல் உருளை. அதன்கீழ் சிலுவைக் குறுக்குவெட்டாகச் செதுக்கிய சுண்ணாம்புக்கல். சிலவற்றில் அதற்கும் கீழே உளித்தடம் தெரிய விடப்பட்ட மரம். பீடம் எது, சிற்பம் எது என்று பிரித்துக் கூறுவது எளிதன்று. அவ்வாறு பிரிக்கலாகாது என்பதும் அச்சிற்பியின் எண்ணம் போலும். பீடங்களையும் தாமே செதுக்கினார்.

பறவையை மட்டும் கொண்டு முடிவு செய்ய வேண்டா. பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்திலுள்ள 1922ஆம் ஆண்டு 'மீன்' வரியோடிய பளிங்கால் ஆனது; அது நிற்பது ஒரு கண்ணாடியின்மேல்; கண்ணாடியைத் தாங்குவது ஓக் மரப்பீடம். டல்லாஸ் அருங்காட்சியகத்திலுள்ள 'உலகின் தொடக்கம்' முட்டை வடிவான வெண்பளிங்கு. அது கிடப்பது மெருகிட்ட உலோகத் தட்டின்மேல். அத்தட்டு இருப்பது சொரசொரப்பான கல்லின்மேல். மீனுக்கு நீர் செய்யவேண்டிய வேலையைக் கண்ணாடி செய்கிறது. முட்டைக்கு அடிநிழல் இல்லாதபடி உலோகத் தட்டு அதன் பிம்பத்தைக் கீழே பிறப்பிக்கிறது. இவற்றில் பளிங்கையோ உலோகத்தையோ மாற்றிவிட்டால் எஞ்சுவது வேறொரு சிற்பம்.

இவ்வமைப்பைக் கூறுதற்குத் தமிழில் சொல் உண்டு. அது யாப்பிலக்கணத்தில் உள்ளது. மோனை, எதுகை, இயைபு என்பவற்றோடு முரணையும் ஒரு தொடையாகத் தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்தார். சொல்லால் முரணுதல், பொருளால் முரணுதல் என இருவகையும் கண்டார். இங்கு நோக்கத்தக்கது தொடை என்னும் பெயரே. தொடுத்தலின் அது தொடை. மாறுபட்ட இரண்டு ஒன்றையொன்று விலக்கும் என்பது பொதுமக்கள் எண்ணம். மாறுபாடே அடிகளைக் கட்டும் நாராகும் என்பது நம் யாப்பியலார் கண்ட உண்மை. வெண்கலத்தின் வழவழப்பும் சுண்ணாம்புக்கல்லின் கரகரப்பும் பிரான்குசியிடம் ஒன்றையொன்று கட்டி நிறுத்துகின்றன. எதுகையால் கட்டிய சிற்பமும் உண்டு: உச்சிமுதல் அடிவரை ஒரே கருங்கல்லாய், ஒரே உளிநடையாய் நிற்பது. இது முரணால் கட்டியது.

யாப்பருங்கலக்காரிகை மரபு இன்னும் நுட்பமான கருவிகளைத் தருகிறது. ஓரடிக்குள் முரண் எச்சீர்களில் அமைகிறது என்பதைக் கொண்டு இணை, பொழிப்பு, ஒரூஉ எனப் பகுத்தனர். முதற்சீரும் இரண்டாஞ்சீரும் முரணின் இணை. முதலும் மூன்றும் முரணின் பொழிப்பு. முதலும் நான்கும் முரணின் ஒரூஉ. பளிங்கு மீன் கண்ணாடியின்மேல் நேராக நிற்கிறது: ஒளியை உள்வாங்கும் பொருளும் ஒளியை முழுதும் திருப்பும் பொருளும் இடையீடின்றித் தொடுகின்றன. இஃது இணைமுரண். வெண்கலப் பறவையிலோ மெருகின் உச்சமாகிய வெண்கலம் மேலும், உளித்தடம் மறையாத மரம் அடியிலும் நிற்க, இரண்டுக்கும் இடையே கல் ஒன்று நடுவு செய்கிறது. மெருகு ஒரே வீச்சில் முரட்டுத்தன்மைக்கு இறங்காமல் ஒரு படி தங்கி இறங்குகிறது. இதனைப் பொழிப்புமுரண் எனலாம். 'போகனி அம்மையார்' என்னும் தலைச்சிற்பம் 1912இல் பளிங்கிலும் 1913இல் வெண்கலத்திலும் அமைந்தது. ஒரே வடிவம் இரு பொருள்களில் இரு தனிப்படைப்பாக நிற்பது அடிதோறும் வரும் முரணை ஒத்தது. இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுவது பயனற்றது. ஆயின் 'மாறுபட்ட ஊடகங்களின் இணைவு' என்று எழுதிவிட்டு நகர்வதைக் காட்டிலும், எது எதனோடு எங்கே முரணுகிறது என்று கேட்கும் பழக்கத்தை இது தரும்.

இனி வழக்குக்கு வருவோம். அரசுத் தரப்பு நம்பியிருந்தது 1916ஆம் ஆண்டின் ஒரு முன் தீர்ப்பை. இயற்கைப் பொருள்களை, சிறப்பாக மனித உருவை, ஒப்பச் செதுக்கியதோ வார்த்ததோ தான் சிற்பம் என்று அது வரையறுத்திருந்தது. எனவே விசாரணை முழுதும் ஒரே வினாவைச் சுற்றிற்று: இது பறவை போல் இருக்கிறதா? காட்டில் கண்டால் பறவையென்று சுடுவீரா என்று ஸ்டைகனிடம் நீதிபதி ஒருவர் கேட்டதாகப் பதிவு உள்ளது. இல்லை என்றார் அவர். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் வேறு வழியில் விடை கூறினார். பழைய எகிப்தியப் பருந்துக் கற்சிற்பம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். இறகும் காலும் அதிலும் விளங்கவில்லை. ஆயினும் அதைச் சிற்பமன்று என்று எவரும் கூறுவதில்லை. ஒப்புமை என்பது உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிளவுபடுவதன்று. பல படிகளாக இறங்குவது என்பதை அப்பருந்து சொல்லாமற் சொல்லிற்று. அவ்வழக்கில் மிகச் சிறந்த வாதம் அக்கல்லே என்பேன்.

மற்றொரு வினாவும் எழுந்தது: திறமையுள்ள ஒரு கம்மியன் பித்தளைக் குழாயை மெருகிட்டு இதைச் செய்துவிட முடியாதா? மெருகிட முடியும், கருதிப் படைக்க முடியாது என்பதே எப்ஸ்டீன் கூறிய விடையின் சாரம். நீதிமன்றத்துக்கு அது போதியதாயிற்று. எனக்கு அது போதவில்லை. கருத்து ஒருபுறம், கைவேலை மறுபுறம் என்று பிரித்து, கலையைக் கருத்தின் பக்கம் நிறுத்திவிடுகிறது அவ்விடை. பிரான்குசி தம் எழுத்துவழிச் சான்றில் வார்ப்புக்குப் பிந்தைய அரவேலையையும் மெருகையும் தாமே செய்ததை வற்புறுத்தியிருந்தார். அவருக்கு மெருகு கருத்தின் மேல்பூச்சு அன்று. திவாகர நிகண்டு சிற்பத்தொழிற்கு உறுப்பாவன என்று பத்துப் பொருள்களை எண்ணுகிறது: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு. கல்லோடும் உலோகத்தோடும் ஒப்ப வண்ணம் நிற்பதைக் காண்க. மேற்பரப்பும் ஒரு பொருளே என்று நிகண்டாசிரியர் கொண்டார். பிரான்குசியின் மெருகை அப்பட்டியலில் பதினொன்றாவதாகச் சேர்ப்பதற்கு எவ்வித இடர்ப்பாடும் இல்லை.

தீர்ப்பு சிற்பிக்கு வெற்றி. சொல்லுக்கு அத்துணை வெற்றி அன்று. இயற்கையை ஒப்பச் செய்யாமல் நுண்கருத்துகளைக் காட்ட முயலும் ஒரு புதிய கலைப்பள்ளி தோன்றியிருப்பதை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. காட்சிக்கு இனியது, அழகுக்கன்றி வேறு பயனுக்கு உரியதன்று, தொழில்முறைச் சிற்பியால் ஆக்கப்பட்டது என்பன ஏனைய காரணங்கள். வெண்கலம் வெண்கலமாக இருத்தலால் விளையும் பயன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரான்குசியோ தம் படைப்புகளை நுண்கருத்துச் சார்ந்தவை என்று கூறுவதை ஏற்காதவர். புறத்தோற்றத்தைவிடப் பொருளின் உள்ளியல்பே மெய் என்றும், தாம் செய்வது மெய்ம்மையே என்றும் கருதியவர். தீர்ப்பு அவர் மறுத்த பெயரைச் சூட்டியே அவரை விடுவித்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. அப்பறவையை அதன் பொருளால் பெயரிட்டவர் சுங்க அலுவலர் மட்டுமே. உலோகத்தால் ஆன பண்டம் என்று அவர் எழுதினார். பிழை என்று நகைக்கிறோம். தமிழில் 'பொருள்' என்னும் ஒரே சொல் பண்டத்தையும், அது ஆக்கப்பட்ட மூலத்தையும், அது உணர்த்துவதையும் குறிக்கும். அலுவலர் முதலிரண்டையும் கண்டு மூன்றாவதைக் காணவில்லை. அவரை எதிர்த்த கற்றோர் மூன்றாவதைக் கண்டு இரண்டாவதைக் கைவிட்டனர். மூன்றையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கும் மொழியில் எழுதுகிற நாம், அவ்விரு தரப்பிலும் சேராத ஒரு திறனாய்வை எழுதியிருக்க வேண்டும். நாமோ 'அரூபம்' என்று எழுதினோம்.

எழுதியதன் விளைவு யாது? உருவம் என்பது இயற்கைப் பொருளின் ஒப்பு என்று கொண்டால்தான் ஒப்பில்லாதது அரூபம் ஆகும். 1916ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வரையறையும் இதுவே. அங்கே பறவையைக் காணோம் என்றார் அலுவலர். இங்கே உருவத்தையே காணோம் என்கிறோம் நாம். அவர் வரி விதித்தார், நாம் பாராட்டுகிறோம் என்பது மட்டுமே வேறுபாடு.

மாற்றுச் சொல் தேடுவோர் சிலர் சைவ சித்தாந்தத்தின் 'அருவுருவம்' என்பதைப் பரிந்துரைக்கக் கூடும். உறுப்புகள் விளங்காது வடிவு மட்டும் விளங்க நிற்கும் இலிங்கத் திருமேனியைக் குறிப்பதாகலின் அது பொருத்தமுடையதுபோலத் தோன்றும். அரூபத்தினும் அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான் அதனை ஏற்கவில்லை. அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூன்றும் இறைநிலை பற்றிய ஒரு முழுக் கோட்பாட்டின் உறுப்புகள். நடுவிலுள்ள ஒன்றை மட்டும் பிடுங்கிக் காட்சிக்கூடத்தில் நட்டால் சித்தாந்தச் சொல்லும் கெடும், சிற்பச் சொல்லும் மயங்கும். மேலும் அது படிக்கும் மாணவனை ஒரு தவறான தாவலுக்குத் தூண்டும். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எளிய சொல் ஒன்று கையருகே கிடக்கிறது. உருவம் வேறு, வடிவம் வேறு என்று தமிழ் வழக்கு உணரும். பானைக்கு வடிவம் உண்டு என்போம்; பானை ஓர் உருவம் என்று கூறுவதில்லை. ஆகவே ஒப்பக் காட்டுவது உருவச் சிற்பம், ஒப்பின்றி நிற்பது வடிவச் சிற்பம் என்று கொள்ளலாம். வடிவு என்பதற்கு அழகு என்னும் பொருள் இலக்கியத்திலும் ஈழத்துப் பேச்சு வழக்கிலும் உண்டு என்பது கூடுதல் நன்மை. உருவச் சிற்பத்துக்கும் வடிவம் உண்டே, பிறகு வேறுபாடு எங்கே என்று வினவலாம். உண்மைதான். அதுவே இச்சொல்லின் தகுதி. எப்ஸ்டீன் கொணர்ந்த எகிப்தியப் பருந்து உருவத்திலிருந்து வடிவத்துக்கு இறங்கும் படியொன்றில் நிற்கிறது. பிரான்குசியின் பறவை அதற்கு அடுத்த சில படிகளில் நிற்கிறது. அரூபம் என்னும் சொல் அப்படிக்கட்டை இடித்துவிட்டு நடுவே சுவரெழுப்புகிறது.

பெயரினும் முதன்மையானது வருணனை முறை. நன்னூல் உரைகாரர்கள் மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருளை முதற்கருவி, துணைக்கருவி எனப் பிரிப்பர். மண்ணால் வனைந்த குடம் என்புழி மண் முதற்கருவி. அது செயப்படுபொருளின் வேறாகாது அதனுள் நின்றுவிடும். திரிகையால் வனைந்த குடம் என்புழித் திரிகை துணைக்கருவி. குடம் முடிந்ததும் விலகிவிடும். கம்மியன் செய்ய முடியாதா என்று நீதிமன்றம் கேட்டது துணைக்கருவியைப் பற்றிய வினா. எதனால் ஆனது, அதனாலேயே ஏன் ஆனது என்பது முதற்கருவி பற்றிய வினா. அதனை எவரும் கேட்கவில்லை. கேட்கக் கற்பிக்கும் இலக்கணம் நம் வகுப்பறையில் நாள்தோறும் நடக்கிறது. சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தில் கண்ணகி படிமத்துக்குரிய கல் பொதியிலிலிருந்தா இமயத்திலிருந்தா என்பது அரசவையில் ஆராயப்படுகிறது. கல்லின் பிறப்பிடமும் அது நீராட்டப்படும் ஆறும் பற்றிப் பேசுமளவுக்குப் படிமத்தின் உறுப்பழகு பற்றிக் காப்பியம் பேசவில்லை. முதற்கருவியே அங்கு அரசியலாகவும் சமயமாகவும் நிற்கிறது.

இவற்றைக் கூறுவதால் பிரான்குசிக்குத் தமிழ் மரபின் தாக்கம் உண்டு என்று நிறுவ முயல்கிறேன் என எவரும் கொள்ளலாகாது. அவர் தொல்காப்பியத்தை அறியார். முரண்தொடை என்பது நாம் பார்ப்பதற்குரிய கருவி. அவர் படைத்ததற்குரிய காரணம் அன்று. இவ்வேறுபாட்டை மறக்கும் ஆய்வுரைகள் நம்மிடையே உண்டு. பிரான்குசி இந்தியா வந்தார் என்னும் ஒரு செய்தியைக் கண்டதும் அவருடைய நெடுவடிவங்களை இலிங்க வழிபாட்டோடு பிணைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம். 'அருவுருவம்' என்னும் சொல் அதற்கு வாயிலும் திறந்துவிடும். நான் முன்னர்க் குறித்த தாவல் இதுவே. அவர் இந்தியா வந்தது 1937–38இல். பறவை வரிசையைத் தொடங்கியதோ 1923இல்.

ஆய்வு நடைமுறை பற்றி ஒன்று கூற வேண்டும். தமிழகத்துச் சிற்பம் ஒன்று ஐரோப்பிய நவீனச் சிற்பியின் பார்வைக்குச் சென்ற கதை நாமறிந்ததே. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் செப்புத்திருமேனிகளின் ஒளிப்படங்களைக் கண்டு ரோதென் எழுதிய உரை 1921இல் ஆனந்த குமாரசுவாமி, ஹேவல் முதலியோரின் எழுத்துகளோடு நூலாக வெளிவந்தது. ரோதென் அத்திருமேனிகளைக் கண்டதில்லை, படங்களையே கண்டார். உடலின் வளைவையும் ஒளிநிழலையும் பற்றி அவர் எழுதியவை வியக்கத்தக்கவை. ஆயின் படத்தில் உலோகத்தின் எடை இல்லை. பல நூற்றாண்டு நீராட்டில் தேய்ந்த மேனியின் மென்மை இல்லை. அவ்வாறே நம் ஆய்வாளர்களும் பிரான்குசியைப் படத்தில் காண்கின்றனர். இதில் குற்றமில்லை, நியூயார்க் எல்லார்க்கும் எட்டுவதன்று. படத்தில் எது விடுபடும் என்பதை அறிந்து எழுதவேண்டும் என்பதே வேண்டுகோள். பிரான்குசி தம் சிற்பங்களைப் பிறர் படம்பிடிப்பதில் மனநிறைவின்றித் தாமே ஒளிப்படம் எடுத்தார். சில படங்களில் மெருகிட்ட வெண்கலத்தின்மேல் ஒளி வெடித்துச் சிற்பத்தின் விளிம்பையே அழித்துவிடுகிறது. படத் தொழிலாளி அதைக் கெட்ட படம் என்று ஒதுக்கியிருப்பான். பொருளின் இயல்பைக் காட்ட அவர் வடிவத்தையே விட்டுக்கொடுத்தார் என்று நான் அதனைப் படிக்கிறேன்.

இது தொலைவிலுள்ள ஒருவரைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. சென்னைக் கலைக்கல்லூரியில் உருவாகிய சிற்பிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வுகள் எழுதப்பெறும் காலம் இது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, கம்பிகளைப் பற்றவைத்து, முன்புறப் பார்வைக்கு உரியனவாகச் சிற்பங்கள் அமைத்தார். கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் தகடு அது. எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து வண்ணமேற்றினார். தகடு என்பதை விட்டுவிட்டு ஜானகிராமைப் பற்றி எதனை எழுத முடியும்? கல்லைக் குடையும் சிற்பிக்கு உள்ளீடு உண்டு. தகட்டுச் சிற்பிக்கு மேற்பரப்பே உண்டு, உள்ளே காற்று. இவ்விரண்டையும் 'மரபும் நவீனமும் கலந்த பாணி' என்னும் ஒரே தொடரால் மூடிவிடுவது எளிது. அத்தொடர் எச்சிற்பிக்கும் பொருந்தும். ஆதலின் எவரையும் விளக்காது. சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகளிலும் மாமல்லபுரத்துக் கல் பட்டறைகளிலும் பொருள் பற்றிய சொல்வளம் இன்றும் வழக்கில் உள்ளது. தட்டினால் எழும் ஓசை கொண்டு கல்லை ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பிரிக்கும் மரபை அறிந்த ஓர் ஆய்வாளர், நவீனச் சிற்பியின் கல்லையும் தட்டிப் பார்த்துவிட்டே எழுதத் தொடங்குவார் என்று நம்பலாம்.

பிரான்குசியிடம் மீள்வோம். இந்தூர் மன்னர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் 1930களில் அவரிடமிருந்து மூன்று பறவைகளைப் பெற்றார். ஒன்று மெருகிட்ட வெண்கலம், ஒன்று கரும்பளிங்கு, ஒன்று வெண்பளிங்கு. அவற்றை நடுவே நீர்நிலையுள்ள ஒரு தியானக் கோயிலில் நிறுத்தத் திட்டமிடப்பட்டது. அதற்காகவே சிற்பி இந்தூர் வந்தார். கோயில் எழவில்லை. பளிங்குப் பறவைகள் இரண்டையும் 1973இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வாங்கிற்று. அவை கான்பெராவில் உள்ளன. வெண்கலப் பறவை கலிபோர்னியாவின் பசடீனா நகரத்து நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரே வடிவத்தின் மூன்று பொருள்களை எதிரெதிர் நிறுத்தி, நீரில் அவற்றின் பிம்பத்தையும் வீழ்த்திப் பார்க்க எண்ணிய அத்திட்டத்தை இனி எழுத்தில்தான் மீட்க முடியும். தமிழில் எவரேனும் அதனை எழுத முற்படின் மூன்றையும் 'பறவை' என்று மட்டும் குறியாமல், வெண்கலப் பறவை, கரும்பளிங்குப் பறவை, வெண்பளிங்குப் பறவை என்று தொகைச்சொல்லாகவே கட்டுரை முழுதும் வழங்குவாராக. நம் பட்டியல்களிலும் சொல்லடைவுகளிலும் சிற்பத்தின் பெயரை அடுத்து ஆண்டைக் குறிக்கும் இடத்துக்கு முன்பாக அதன் முதற்கருவியைக் குறிக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும்.